வெள்ளவத்தைக்கு ஒரு C

நட்புக்காகத்தான் தொடங்கினார்கள். நாகேந்திரம் குழுவில் அப்படித்தான் எழுதினார்: "நட்புக்காக ஒரு சிறு விளையாட்டு." அதற்குக் கீழே ஏழு விதிகள். நட்புக்கு ஏழு விதி எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எட்டாவது விதி வந்திருக்கும்.

குழு என்றால் வாட்ஸ்அப் குழு. ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் வீட்டாரும் அதில் இருந்தார்கள். கம்பனிக்குக் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு கிளை, கொட்டாஞ்சேனையில் ஒரு கிளை. வெள்ளவத்தைக்கு நாகேந்திரம் மனேஜர், கொட்டாஞ்சேனைக்கு ஒஸ்வால்ட். ஆண்டின் சிறந்த கிளைக்கென்று ஒரு கேடயம் கொடுப்பார்கள். பலகையில் ஒரு பித்தளைத் தகடு, மீன் வெட்டும் பலகை அளவு. அதற்காக இரண்டு பேரும் தலைமயிர் வெளுக்கும்வரை அடிபட்டார்கள். நாகேந்திரம் ஓய்வு பெற்ற வருடம் கேடயம் ஒஸ்வால்டின் மேசையில் இருந்தது. பிரியாவிடைக் கேக்கில் நாகேந்திரம் ஒரு துண்டுகூட எடுக்கவில்லையாம். சீனி வியாதி என்று சொன்னாராம். மறுநாள் வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் நின்று பலூடா குடித்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

விளையாட்டு இதுதான். நடுவில் ஐம்பது, ரோம எழுத்தில் L. வெள்ளவத்தைக்காரர் எவரும் ஒன்று கூட்டிப் போடலாம். கொட்டாஞ்சேனைக்காரர் எவரும் ஒன்று குறைத்துப் போடலாம். நூறு, அதாவது C வந்தால் வெள்ளவத்தைக்கு வெற்றி. இறங்கி இறங்கி I வந்தால் கொட்டாஞ்சேனைக்கு. ஒருவரே அடுத்தடுத்து இரண்டு தரம் போடக்கூடாது. நடுவில் வேறொருவர் போட வேண்டும். ஆகவே ஆள் கூடிய பக்கம் வெல்லும். கயிறு இழுப்பதுபோலத்தான், கயிறுதான் இல்லை. வேர்வையும் இல்லை. வெட்கமும் இல்லை என்று போகப் போகத் தெரிந்தது.

ஏன் ரோம எண் என்று கேட்டதற்கு, மற்ற எண் என்றால் நேர்சரிப் பிள்ளையும் எண்ணும் என்றார் நாகேந்திரம். தன் கந்தோர் கோப்புகளுக்கெல்லாம் ரோம எண்தான் போட்டவராம். ஒஸ்வால்ட் விடவில்லை. நாங்கள் கோயில் சுவரில் சிலுவைப் பாதைப் படங்களுக்கு முன்னால் முழங்காலில் நின்று ரோம எண் படித்தவர்கள் என்று எழுதினார். அந்தப் படங்கள் பதினான்கோடு முடிந்துவிடுமே, அதற்கு மேல் என்ன செய்வீர்கள் என்று நாகேந்திரம் கேட்டு, பக்கத்தில் ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம் போட்டார். நட்புக்காக.

ஐந்தாம் விதி மர்ஸூக்கால் வந்தது. மர்ஸூக் வெள்ளவத்தைக் கிளையில் கசியராக இருந்தவர். காலையில் எழும்பினால் குழுவுக்கு ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்புவார், பனித்துளியோடு, "காலை வணக்கம்" என்று எழுதி. தும்மினாலும் இறைவனிடம் துஆச் செய்வார். இந்த ரோஜாக்களுக்கு நடுவில் எண்ணைத் தேட முடியாமல் இருக்கிறது என்று நாகேந்திரம் விதி எழுதினார். எண்ணைத் தவிர ஒரு சொல்லோ படமோ குழுவில் போட்டால், போட்டவருடைய அணிக்குப் பத்து நட்டம். அணித் தலைவர் எவரும் உடனே புதிய எண்ணை அறிவிக்கலாம். மர்ஸூக் அடுத்த நாளே வாயை மூடிக்கொண்டார். குழுவும் மூடிக்கொண்டது. பேரன் பிறந்ததையும் கண் ஒப்பரேஷன் செய்ததையும் சொல்லிக்கொண்டிருந்த குழுவில் பிறகு L, LI, L, XLIX என்று மட்டும்தான் வந்தது.

இரண்டு கிழமையில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. கல்கிசையில் இருக்கிற நாகேந்திரத்தின் மகள் உஷாந்தி, அப்பா எனக்கு வேலை இருக்கு என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டாள். கடைசியில் எண்ணிக்கொண்டிருந்தவை நான்கு பெயர்கள். கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்டும் அவர் மனைவி கொன்சியும். வெள்ளவத்தையில் நாகேந்திரமும் அவருடைய அக்கா நாகேஸ்வரியும்.

இதில் நாகேஸ்வரி ஒரு எண்கூடப் போட்டதில்லை. அவருடைய போனை எடுத்து நாகேந்திரம்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று தன்னுடையதில், ஒன்று அக்காவுடையதில். இரண்டு பேர் எண்ணுவதுபோல் தெரிய வேண்டும் என்று நடுவில் கொஞ்ச நேரம் விடுவார். அந்த நேரத்தில் குசினிக்குப் போய் ஒரு பிஸ்கட் எடுத்துத் தின்பார்.

போன் எடுத்துத் தொந்தரவு செய்கிற பழக்கமும் அப்படித்தான் வந்தது. ஒருவர் எண் போடப் போகிற நேரம் பார்த்து மற்றவர் அவருக்குக் கோல் எடுப்பார். திரையில் கோல் வந்தால் எண்ணைத் தட்ட முடியாது. முதலில் ஒஸ்வால்ட் செய்தார், பிறகு நாகேந்திரம். பிறகு தெரியாத நம்பர்களிலிருந்தும் எடுக்கத் தொடங்கினார்கள், மருந்துக்கடைக்காரரின் போனை இரவல் வாங்கியெல்லாம். ஆகவே விளையாடும் நேரத்தில் எந்த நம்பரிலிருந்து கோல் வந்தாலும் பார்க்காமல் வெட்டுவது என்று இரண்டு பேரும் பழகிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் இருநூறு பேரின் விபத்துக் கோரிக்கைகளைத் தீர்த்துவைத்த மனிதர்கள்.

நாகேஸ்வரிக்கு அந்தப் போன் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் தேவைப்பட்டது. அவருக்கு வலது முழங்கால் தேய்ந்துபோய், எலும்பும் எலும்பும் உரசியது. களுபோவில ஆஸ்பத்திரியில் மாற்று மூட்டு வைப்பதாகச் சொல்லிப் பேர் பதிந்திருந்தார்கள். கட்டில் வெறுமையானதும் கோல் எடுப்போம், எடுத்த அன்றைக்கே வர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று மிஸ்ஸி, அதாவது வார்டுத் தாதி, சொல்லியிருந்தார். அன்றிலிருந்து நாகேஸ்வரி குளிக்கப் போனாலும் போனைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுத்தான் போவார். அந்த ஸ்டூலில் இருந்துதான் நாகேந்திரம் எடுத்துப் பழகினார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கு எண் LXXI.

செவ்வாய் என்றால் கொட்டாஞ்சேனைப் பக்கத்துக்காரர் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய்விடுவார்கள். பூசை நேரத்தில் ஒஸ்வால்ட் போனைத் தொடமாட்டார். அந்த ஒரு பயம் அவருக்கு மிச்சம் இருந்தது. நாகேந்திரம் கிழமை முழுக்க இந்த நாளுக்காகக் காத்திருந்தார். அக்காவும் செவ்வாய் தவறாமல் அந்தோனியாரிடம் போகிறவர். வெள்ளவத்தையில் பிள்ளையாரும் முருகனும் இருக்க அவ்வளவு தூரம் ஏன் என்று கேட்டால், முழங்காலை அவரிடம்தான் ஒப்படைத்திருக்கிறேன் என்பார்.

காலையில் நாகேஸ்வரி சேலை உடுத்துக்கொண்டு நிற்க, தம்பி வாசலுக்கே வந்தார்.

"அக்கா, போனை விட்டிட்டுப் போங்கோ. அங்க சனம் நெருக்குப்படும். ஆரும் உருவிக்கொண்டு போயிடுவான்."

"ஆஸ்பத்திரிக்காரர் எடுத்தால்?"

"நான் வீட்டிலதானே நிக்கிறன். நான் கதைக்கமாட்டனா?"

"சிங்களத்தில கேப்பினம்."

"அக்கா, நான் இருபது வருஷம் மனேஜரா இருந்தனான்."

அதை அவர் வீட்டில் எல்லாவற்றுக்கும் சொல்வார். பல்ப் மாற்றச் சொன்னாலும் சொல்வார். நாகேஸ்வரி போனை மேசையில் வைத்தார். எக்ஸ்ரே உறையும் கிளினிக் கொப்பியும் அலுமாரி மேல் தட்டில் இருக்கிறது, கோல் வந்தால் அதையும் எடுத்துக்கொண்டு நேரே களுபோவிலவுக்கு வா, நான் அங்கே வருகிறேன் என்று விளக்கமாகச் சொன்னார். நாகேந்திரம் ஓம் ஓம் என்றார். கண் மேசையில் இருந்தது.

கொச்சிக்கடையில் அன்றைக்கு வழக்கமான கூட்டம். பூசை முடிந்து வெளியே வந்து, மெழுகுதிரி ஏற்றுகிற இடத்தில் நாகேஸ்வரி காலைச் சரித்து வைத்து நின்றார். பக்கத்தில் ஒஸ்வால்டும் கொன்சியும். நாகேஸ்வரியைக் கண்டதும் கொன்சி கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் எப்படி என்று கேட்டார். ஒஸ்வால்ட் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எடுத்தவரின் முகம் போன போக்கைப் பார்த்து யாருக்கோ சாவு என்றே நாகேஸ்வரி நினைத்தார்.

"தொண்ணூறு" என்றார் ஒஸ்வால்ட். "பூசைக்குள்ள தொண்ணூறுக்குக் கொண்டு போயிட்டான்."

பிறகு திரையைப் பார்த்தார், நாகேஸ்வரியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கடைசியாக வந்த XC என்ற எண்ணுக்கு மேலே நாகேஸ்வரியின் பெயர் இருந்தது. இந்த நிமிடம்தான் வந்திருந்தது. நாகேஸ்வரியின் ஒரு கையில் மெழுகுதிரி, மறு கை கொன்சியின் கையில்.

"அக்கா, உங்கட போன் எங்க?"

"தம்பியிட்ட."

ஒஸ்வால்டுக்கு முகமெல்லாம் வெளிச்சம். பிடித்துவிட்டேன் என்று இரண்டு தரம் சொன்னார். ஒரே ஆள் இரண்டு பேரில் எண்ணுவது கள்ள விளையாட்டு, ஓய்வு பெற்ற மனேஜருக்கு இது அழகா, இதைக் குழுவில் எல்லோரும் அறிய வேண்டும் என்று கையை ஆட்டிப் பேசினார். ஆட்டும்போது சட்டைப் பைக்குள் இன்னொரு போன் டிங் என்றது. அது கொன்சியுடையது. கொன்சி அதை ஒரு பார்வை பார்த்தார். ஒஸ்வால்ட் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

நாகேஸ்வரிக்கு இந்தக் கதை ஒன்றும் ஏறவில்லை. அவருக்கு ஏறியது ஒன்றுதான். போன் தம்பியின் கையில் இருக்கிறது, தம்பி எண்ணிக்கொண்டிருக்கிறான். ஒருக்கால் எடுத்துத் தாரும் என்று ஒஸ்வால்டின் போனை வாங்கித் தன் நம்பருக்கே அடித்தார். ஒரு மணி அடித்தது. வெட்டினார்கள். கொன்சியின் போனை ஒஸ்வால்ட் திறந்து கொடுக்க, அதிலிருந்து அடித்துத் திருப்பிக் கொடுத்தார். வெட்டினார்கள். மெழுகுதிரி விற்கிற பெண் பாவப்பட்டுத் தன் போனை நீட்டினார். அதையும் வெட்டினார்கள்.

"அது அப்படித்தான் அக்கா" என்றார் ஒஸ்வால்ட், பிள்ளைக்குப் பாடம் சொல்கிறவர்போல. "எண்ணுற நேரம் கோல் எடுத்தா வெட்டிருவோம். நானும் வெட்டுவேன்."

"ஆர் எடுத்தாலும்?"

"ஆர் எடுத்தாலும்."

நாகேஸ்வரியின் கைப்பைக்குள் கிளினிக் துண்டு இருந்தது. அதில் இருந்த வார்ட் நம்பருக்கு ஒஸ்வால்டின் போனிலேயே அடித்தார். மறுபக்கத்தில் மிஸ்ஸி பெயரைக் கேட்டதும் பெருமூச்சு விட்டார். "அபி கத்தா கெருவா நே, அம்மே." நாங்கள் எடுத்தோமே, ஒவ்வொரு தரமும் வெட்டினீர்களே, வர விருப்பமில்லை என்று நினைத்தோம் என்றார். ஒரு நோயாளிக்குக் காய்ச்சல், அவரைத் திருப்பி அனுப்பியதில் கட்டில் ஒன்று வெறுமையாகியிருக்கிறது. இரண்டு மணிக்குள் எக்ஸ்ரேயோடும் கிளினிக் கொப்பியோடும் வந்தால் உங்களுக்கு, வராவிட்டால் அடுத்த பெயர். அடுத்த முறை எப்போது என்று தன்னால் சொல்ல முடியாது. மிஸ்ஸி கோபப்படாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நாகேஸ்வரிக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

வழி ஒன்று இருந்தது. வெள்ளவத்தையிலிருந்து களுபோவில கிட்ட. நாகேந்திரம் அந்த உறையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் போதும். கோலை வெட்டுகிறவர் குழுவைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்? கொன்சிதான் அதை முதலில் யோசித்தார். குழுவில் எழுதுங்கள், ஒரு வரி, உடனே பார்ப்பார் என்று கணவரிடம் சொன்னார்.

ஒஸ்வால்ட் எழுதத் தொடங்கினார். "நாகேந்திரம், அக்காவுக்கு" என்று இரண்டு சொல் எழுதினார். விரல் நின்றது.

"என்ன?" என்றார் கொன்சி.

"இது எண் இல்லை, சொல்லு."

"வேற என்னத்தால எழுதுறது?"

"அஞ்சாம் விதி கொன்சி. நான் ஒரு சொல்லுப் போட்டா நமக்குப் பத்து நட்டம். தொண்ணூறும் பத்தும் நூறு. அவன் வெண்டிருவான்."

அந்தோனியாருக்கு முன்னால் நின்று, கையில் மெழுகுதிரிப் புகை மணக்க, அறுபத்தொன்பது வயதுள்ள ஒரு மனிதர் அந்தக் கணக்கைச் செய்தார். செய்துவிட்டு, எழுதிய இரண்டு சொல்லையும் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பிறகு, கெட்டவன் என்று நினைக்கக்கூடாது என்பதற்காக, ஓட்டோ பிடித்துத் தருகிறேன் அக்கா என்றார்.

கொன்சி அவருடைய சட்டைப் பைக்குள் கையை விட்டுத் தன் போனை எடுத்தார்.

"அது இல்லாட்டி நான் ஒராளாப் போவேன்" என்றார் ஒஸ்வால்ட்.

"அந்த ஒராளே அதிகம்" என்று சொல்லிவிட்டு கொன்சி நாகேஸ்வரியை அணைத்துக்கொண்டு தெருவுக்கு நடந்தார். தன் போனில் கொன்சியும் எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். எழுதத்தான் பார்த்தார். ஓட்டோவில் ஏறியதும் எடுத்தார். அந்தப் போனின் பூட்டு எண்ணைக் கணவர் மாற்றி வைத்திருந்தார். வந்து விழுகிற எண்களை மட்டும் மேலே பார்க்க முடிந்தது, திறக்க முடியவில்லை. சொந்தப் போன்.

கோட்டையைத் தாண்டிக் காலி வீதியில் ஓட்டோ ஊர்ந்தது. கொன்சியின் மடியில் போன் டிங் டிங் என்றது. ஒஸ்வால்ட் கோயில் முற்றத்தில் நின்றபடியே விளையாட்டில் இறங்கியிருந்தார். நாகேந்திரம் இரண்டு படி ஏற, ஒஸ்வால்ட் ஒரு படி இழுத்தார். நாகேந்திரம்: XCII. நாகேஸ்வரி: XCIII. ஒஸ்வால்ட்: XCII. பம்பலப்பிட்டியில் சிக்னல் வெளிச்சத்துக்கு நின்றபோது மறுபடி நாகேஸ்வரி: XCIV.

"பாருங்கோ, நான் நல்லாத்தான் எண்ணுறன்" என்றார் நாகேஸ்வரி.

கொன்சி சிரிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே தன் கைப்பையை வைத்து உயர்த்திவிட்டார்.

வீடு கடற்கரைப் பக்க ஒழுங்கையில் ஒரு ஃபிளட்டின் நாலாம் மாடி. நாகேஸ்வரி இறங்கி ஏறுவதற்குள் நேரம் போய்விடும் என்று கொன்சி தான் மட்டும் போனார். பெல் அடித்தார். திறக்கவில்லை. கதவைக் கையால் தட்டினார். நாகேந்திரம் சாரத்தோடு, இடக்கையில் ஒரு போன், வலக்கையில் ஒரு போன் என்று வந்து முழங்கையால் கதவைத் திறந்தார். மூக்கில் வேர்வை. தன்னுடையதில் XCIX போட்டு முடித்த கை. இனி அக்காவின் போனில் ஒரே ஒரு எழுத்து, C.

எதிரணிக்காரியை வாசலில் கண்டதும் அவர் முதலில் சொன்னது, "வீட்டுக்கு ஆள் அனுப்புறது விதியில இல்லை" என்பதுதான்.

"இது அக்காட போன் தானே?" என்று கேட்டு, கொன்சி அவருடைய வலக்கையிலிருந்து அதை எடுத்தார். பறிக்கவில்லை. மேசையிலிருந்து எடுப்பதுபோல எடுத்தார். அவ்வளவு எளிதாக ஒருவர் தன் கையிலிருந்து எடுக்கலாம் என்று நாகேந்திரம் எதிர்பார்க்கவில்லை. பிறகு கொன்சி அலுமாரி மேல் தட்டில் இருந்த உறையையும் கொப்பியையும் எடுத்தார். காலையில் ஆஸ்பத்திரிக்காரர் எடுத்ததை நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள், அக்கா கீழே ஓட்டோவில் இருக்கிறார், இரண்டு மணிக்குள் போக வேண்டும் என்று லிஃப்டுக்கு நடந்தபடியே சொன்னார்.

நாகேந்திரம் சேட் ஒன்றை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். அக்காவுக்காக வந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். போன் இருக்கும் இடத்துக்கு வந்தார்.

ஓட்டோவில் மூன்று பேரும் நெருங்கி இருந்தார்கள். நாகேந்திரம் மடியில் எக்ஸ்ரே உறை, அதன்மேல் அவருடைய போன். இப்போது அவரும் ஒராள், ஒஸ்வால்டும் ஒராள். ஒஸ்வால்ட் XCVIII என்று இழுப்பார், இவர் XCIX என்று ஏற்றுவார். மறுபடி XCVIII, மறுபடி XCIX. களுபோவில வரைக்கும் இதுதான். ஒஸ்வால்ட் இழுப்பதற்கு முன் அக்காவின் போனிலிருந்து ஒரு C போனால் வெற்றி. காலையில் அந்தக் கோல் கொட்டாஞ்சேனைக்காரரின் வேலை என்றே நினைத்தேன், அவர்கள்தானே என்னைப் பழக்கினார்கள் என்று அவர் அக்காவுக்கு விளக்கம் சொன்னார். நம்பர் 011 என்று, லேண்ட்லைனாகத் தொடங்கியதைப் பார்த்தாயா என்று நாகேஸ்வரி கேட்டார். பார்த்தாராம். அதனால்தான் சந்தேகம் கூடியதாம்.

வார்டில் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு பெயர் பதிந்தார்கள். கட்டில் ஜன்னல் ஓரம். கொன்சி கீழே ஓட்டோக்காரரோடு நிற்க, நாகேந்திரம் பையும் உறையும் ஃபிளாஸ்க்குமாகக் கூட வந்தார். பெண்கள் வார்ட், சாமானை வைத்துவிட்டு உடனே போக வேண்டும் என்று சொல்லித்தான் விட்டார்கள். மிஸ்ஸிக்கு அவரை நன்றாகப் பிடித்துப்போனது. இப்படி ஒரு மல்லி எல்லோருக்கும் கிடைக்காது என்று சிங்களத்தில் பக்கத்துக் கட்டில்காரிக்குச் சொன்னார். மல்லி என்றால் தம்பி.

நாகேஸ்வரி தலையணையில் சாய்ந்து, காலை நீட்டி, போனைக் கையில் எடுத்தார். தம்பி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அக்கா, இப்ப நான் தொண்ணூற்றொன்பது போடுறன். போட்ட உடன நீங்கள் ஒரு C. அவ்வளவுதான். ஒரு எழுத்து."

"எங்க போடுறது?"

குழுவைத் திறந்து காட்டினார். தன்னுடையதில் XCIX போட்டார்.

"இதில எழுதினால் பத்துக் குறையும் எண்டுதானே ஒஸ்வால்ட் சொன்னவர்?"

"அது சொல்லு எழுதினால். நீங்கள் எழுத்து மட்டும் போடுங்கோ அக்கா. கெதியா. அவன் இழுத்துடுவான்."

நாகேஸ்வரி ஒரு விரலால் தட்டினார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி. நாகேந்திரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்து ஒன்றோடு நிற்கவில்லை.

"கொன்சி, கட்டில் கிடைத்தது. ஜன்னல் பக்கம்."

உடனே கீழே வந்து விழுந்தது, ஒஸ்வால்டிடமிருந்து: LXXXIX.

"அக்கா, என்ன செய்யிறியள்."

"நன்றி சொல்ல வேண்டாமே?" என்றார் நாகேஸ்வரி. அடுத்ததைத் தட்டினார். "இத்தனை நாளும் என் பெயரில் வந்த எண் ஒன்றையும் நான் போடவில்லை. என் தம்பி போட்டவர்."

LXXIX.

"ஆஸ்பத்திரிக்காரர் காலையில் எடுத்த கோலை அவர்தான் வெட்டினவர்."

LXIX.

நாகேந்திரம் கையை நீட்டினார். பக்கத்துக் கட்டில்காரி பார்த்துக்கொண்டிருந்தார், மிஸ்ஸி பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மல்லி என்று பெயர் வாங்கியவர் ஒப்பரேஷனுக்கு வந்த அக்காவின் கையிலிருந்து எப்படிப் பறிப்பது? நீட்டிய கையால் தலையணையைச் சரிசெய்தார்.

"ஒஸ்வால்ட், கொன்சியும் ஒரு எண்ணும் போட்டதில்லை. அவவுடைய போனின் பூட்டைத் திறந்து கொடும்."

அதை ஒஸ்வால்ட் வாசித்தாரோ இல்லையோ, LIX என்று போட்டார். கைக்கு வந்த பத்தை விடுகிற மனிதரா?

நாகேஸ்வரி நிறுத்தவில்லை. கோயிலடியில் தனக்காக ஒரு வரி எழுத ஒஸ்வால்ட் பயந்து அழித்ததை எழுதினார். ஓட்டோவில் கொன்சி தன் காலுக்குக் கீழே பையை வைத்ததை எழுதினார். மெழுகுதிரிக்காரி, பெயர்கூடத் தெரியாதவர், தன் போனைக் கொடுத்ததை எழுதினார். மிஸ்ஸி கோபப்படாமல் பேசியதையும், தம்பி ஃபிளாஸ்க் தூக்கிவந்ததையும் தனித்தனியாக எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ஒஸ்வால்ட் தவறாமல் பத்தைக் குறைத்தார், தன்னைப் பற்றி எழுதியதற்கும். தம்பி கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கிழமைக்கணக்கில் ஏற்றிய எண் படியிலிருந்து உருண்டு விழும் தேங்காய்போல இறங்குவதைப் பார்த்தார். XIX வந்தது. பிறகு IX வந்தது.

நாகேஸ்வரி விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்குக் கீழ பத்துக் குறைஞ்சால் என்ன வரும்?"

"ஒண்டும் வராது" என்றார் நாகேந்திரம். "கீழ எண்ணே இல்லை அக்கா. ரோமருக்குப் பூச்சியம் தெரியாது."

நாகேஸ்வரி தம்பியைத் தலையிலிருந்து சாரம் வரைக்கும் ஒருமுறை பார்த்தார்.

"ரோமர் உன்னைக் காணேல்லை" என்றார்.

கடைசி வரியையும் எழுதி அனுப்பினார். "என் தம்பிக்கு இன்றைக்கு வீட்டில் சோறு இல்லை. ஆராவது பக்கத்தில் இருந்தால் பாருங்கோ."

இந்த முறை உடனே எண் வரவில்லை. ஒஸ்வால்ட் என்ன போடுவார்? சிலுவைப் பாதையிலும் அதற்குப் படம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். எண்ணைத் தவிர வேறெதுவும் போட்டால் பத்து நட்டம் என்பது அப்போது அவருக்கு நினைவில்லை.

மிஸ்ஸி வந்து, ஐயா இனிப் போக வேண்டும் என்றார். நாகேந்திரம் அக்காவின் கையில் இருந்த போனைப் பார்த்தார்.

"நாளைக்கு நான் எடுக்கிறன் அக்கா. எப்படி இருக்கு எண்டு கேக்க."

"எடு. வெட்டுறன்" என்றார் நாகேஸ்வரி. "இப்ப அந்த ஃபிளாஸ்க்கில சுடுதண்ணி கொண்டுவந்து வைச்சிட்டுப் போ. கன்டீன் கீழ."

மனேஜராக இருந்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நடந்தார். வார்ட் வாசலில் ஒருமுறை தன் போனைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அக்காவின் போன் மறுபடி டிங் என்றது. மர்ஸூக். இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தவர், எத்தனை பத்துப் போனாலும் போகட்டும் என்று எழுதியிருந்தார். என் மனைவி ஜவாஹிறா நாகேந்திரத்துக்குச் சோறு அனுப்புவா, நீங்கள் சுகமாகி வாங்க அக்கா, துஆச் செய்கிறோம். அதற்குப் பின்னால், மத்தியானம் இரண்டு மணி கடந்த வெயிலில், பனித்துளியோடு ஒரு ரோஜாப்பூ வந்தது. காலை வணக்கம் என்று எழுதி.